காரைக்குடியில் “ஆப்ஷன் விற்று மாதச் சம்பளம்” வகுப்புக்குப் பணம் கட்டுமுன்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடி அந்த அழைப்பு சுற்றுகிறது. வாலட்டிலிட்டியை, அதாவது சந்தையின் ஏற்ற இறக்கத்தை, விற்று மாதாமாதம் சம்பளம் எடுக்கலாமாம், ஆறு மாதத்தில் சென்னையில் டிரேடிங் டெஸ்க் வேலையாம். ஆப்ஷன் என்பது ஒரு குறித்த விலையில் வாங்கவோ (கால்) விற்கவோ (புட்) உரிமை தரும் ஒப்பந்தம். அதை விற்பவருக்குக் கிடைக்கும் காசுதான் பிரீமியம். வழக்கு நடப்பதால் பெயர் போட முடியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

2024 தொடக்கத்தில் என் தங்கச்சி மகன் அங்கே சேர்ந்தான். ஃபீஸ் 65,000. டிரேடிங்குக்கு முதலீடு 5 லட்சம், தங்கச்சி பேரில் இருந்த டெபாசிட். நான் வரிக் கணக்கு எழுதுகிறவன். எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) வியாபார வருமானம், ஐ.டி.ஆர்-3 போட வேண்டும். அதனால் ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் புரோக்கர் தரும் கான்ட்ராக்ட் நோட்டு அத்தனையும் என் மேஜைக்கு வந்தது. அதைக் கூட்டிப் பார்த்ததில் தெரிந்ததுதான் இந்தப் பதிவு.

வகுப்பு ஒரு பழைய வீட்டு முகப்பில் நடந்தது. சுவரில் ஐ.எஸ்.ஓ சான்று, பக்கத்திலேயே “அரசு அங்கீகாரம்” என்று ஒன்று. பிந்தையது வெறும் உத்யம் பதிவு. ஆன்லைனில் எந்தச் சிறுதொழிலுக்கும் இலவசமாகக் கிடைப்பது. புரோக்கர் ஆப்பைத் திறந்தாலே பத்தில் ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள் என்று எச்சரிக்கை வருமே, அதையே பயிற்சியாளர் விற்பனைக்கு வைத்துக்கொண்டார்: “அந்தப் பத்தாவது ஆளா உங்கள மாத்தத்தான் இந்தக் கோர்ஸ்.” அடுத்து ஊர்ப் பாசம். “நம்ம ஐயாக்கமாரு ரங்கூன்ல வட்டிக்கு விட்டு வாங்குனாங்க, நாம பிரீமியம் வாங்குறோம், அவ்வளவுதான்.”

ரங்கூனை இழுத்தது அவர்தான், எனவே பதிலும் அங்கிருந்தே. வட்டி வருஷக்கணக்கில் ஒழுங்காகத்தான் வந்தது. 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலமாக வந்தது, 1942இல் ஜப்பான்காரன் நுழைந்ததும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஆப்ஷன் விற்பதும் இதே ஜாதகம்தான்: பல மாதம் சிறுகச் சிறுக வரும், ஒரு நாளில் மொத்தமாகப் போகும். வகுப்பில் முதல் பாதியை மட்டும் சொன்னார்கள். அந்த வட்டிக் கடைகளுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் பையனாகப் போனவன் முதலில் பேரேடு எழுதக் கற்றான். இங்கே ஒரு நாள்கூடச் செலவுக் கணக்கு சொல்லித்தரவில்லை. ஏன் என்பது பிறகு புரிந்தது.

முறை இதுதான். பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி இருக்கும் இடத்துக்கு மேலே தூரத்தில் ஒரு கால், கீழே தூரத்தில் ஒரு புட், இரண்டையும் விற்பது. ஸ்ட்ராங்கிள் என்பார்கள். சந்தை நடுவிலேயே நின்றால் எக்ஸ்பைரியில், அதாவது ஒப்பந்தம் முடியும் நாளில், பிரீமியம் நமக்கு. அந்த ஏப்ரலில் சந்தையின் பதற்றத்தைக் காட்டும் இந்தியா விக்ஸ் 10 அருகே கிடந்தது, எல்லாம் சுகமாகப் போயிற்று. பையன் தினமும் “அம்மான், இன்னைக்கும் பச்சை” என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புவான்.

ஜூன் 3, எக்ஸிட் போல் உற்சாகத்தில் நிஃப்டி 23,263இல் முடிந்தது. தேர்தல் முடிவுக்கு முந்தின நாள், பிரீமியம் கொழுத்திருந்தது. அன்று “இதுதான் அறுவடை” என்று குழுவில் வந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது. பையன் 22,000 புட்டை 5 லாட் விற்றான். லாட் என்பது ஒரு கட்டு, அப்போது ஒரு லாட்டுக்கு 25 யூனிட், ஆக 125. நஷ்டம் ஓர் அளவைத் தாண்டினால் தானாக வெளியேற்றும் ஸ்டாப் லாஸ் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மறுநாள் நிஃப்டி 21,281 வரை இறங்கியது. 22,000க்குக் கீழே 719 புள்ளி, 125ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 90,000. எக்ஸ்பைரிக்கு இன்னும் நாள் இருப்பதற்கான நேர மதிப்பு தனி. விக்ஸ் 30ஐத் தாண்டியது. குழுவில் “ஐ.வி. உச்சத்துல இருக்கு, இன்னும் வித்துடுங்க” என்று வந்தது (ஐ.வி. என்பது பிரீமியத்தில் தெரியும் ஏற்ற இறக்க எதிர்பார்ப்பு). விற்க மார்ஜின், அதாவது ஈடாகக் கட்டும் பணம், எங்கே? புரோக்கர் சிஸ்டமே மோசமான விலையில் பொசிஷனை வெட்டிவிட்டது.

இங்கேதான் அந்த ஆளின் சாமர்த்தியம். வியாழக்கிழமை எக்ஸ்பைரியில் நிஃப்டி 22,821. விற்ற அந்த 22,000 புட் பூஜ்யமாகிவிட்டது. “பார்த்தீங்களா, ஸ்ட்ராட்டஜி கரெக்ட், நீங்கதான் பிடிச்சு நிக்கல” என்று பையன்மேலேயே பழி. 5 லட்சத்தை வைத்து 5 லாட் விற்கச் சொன்னவரே அவர்தான். பிடித்து நிற்கப் பணம் மிச்சம் வைப்பதுதானே இந்தத் தொழிலில் பாதி. அதைச் சொல்லித்தராமல் என்ன கோர்ஸ்?

ஆனால் என் கோபம் ஜூன் 4 மீது இல்லை. மே கடைசி வரை எழுதிய கணக்கைப் பாருங்கள். பிரீமியத்தில் லாபம், ஆனால் புரோக்கரேஜும் வரியும் கழித்தால் நஷ்டம். “பச்சை” என்று வந்த ஸ்கிரீன்ஷாட்டில் செலவு தெரியாது. ஒரு லாட்டுக்கு 50 ரூபாய் புரோக்கரேஜ். 5 லாட், இரண்டு பக்கம், விற்கவும் வாங்கவும் சேர்த்து ஒரு ஸ்ட்ராங்கிளுக்கு 1,000 ரூபாய். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் டிஸ்கவுன்ட் புரோக்கரிடம் இதே வேலைக்கு 80. அதற்கு மேல் வகுப்பில் சொல்லும் “அட்ஜஸ்ட்மென்ட்”, அதாவது விற்றதை நடுவில் மாற்றி அமைப்பது, ஒவ்வொன்றுக்கும் மறுபடி புரோக்கரேஜ். ஐந்து மாதத்தில் அது ஃபீஸையே தாண்டிவிட்டது. கணக்கு தொடங்கிய படிவத்தைத் தேடி எடுத்தேன். அறிமுகப்படுத்திய ஏ.பி., அதாவது அந்தப் புரோக்கரின் முகவர், பயிற்சியாளரின் வீட்டுக்காரம்மா. மாணவன் எத்தனை முறை தட்டுகிறானோ அத்தனை முறை அந்த வீட்டுக்குப் பங்கு. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அவர்களுக்குக் கவலையே இல்லை.

நேரில் போய், “உங்க ஒரு வருஷத்து டாக்ஸ் பி அண்ட் எல் (லாப நஷ்டக் கணக்கு) காட்டுங்க தம்பி” என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். “அது பிரைவசி சார்” என்றார். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எல்லார் போனிலும் இருக்கிறது! இரண்டு கணக்கில் எதிரெதிராக எடுத்து, ஜெயித்ததை மட்டும் காட்டுவது பெரிய வித்தை இல்லை.

வேலை வாக்குறுதி வெறும் காற்று. டெரிவேட்டிவ் (ஃபியூச்சர், ஆப்ஷன்) டெர்மினலில் உட்கார, பங்குச் சந்தைக் கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் சீரிஸ் 8 தேர்வு எழுத வேண்டும். யாரும் நேரடியாகப் பதிவு செய்து எழுதலாம். இவர்கள் கொடுத்த ஃபிரேம் போட்ட சான்றிதழை எந்த டெஸ்க்கும் சீந்தாது. பரிந்துரை சொல்லிக் காசு வாங்க, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் பதிவு வேண்டும்: ஆய்வாளருக்கு ஐ.என்.ஹெச். என்றும் ஆலோசகருக்கு ஐ.என்.ஏ. என்றும் தொடங்கும் எண், செபி தளத்தில் தேடினால் வரும். இவரிடம் இரண்டும் இல்லை. கேட்டால் “நாங்க எஜுகேஷன் மட்டும்” என்பார்கள். பாடம் மட்டும் நடத்துகிறவர் கடைசி மூன்று மாத விலையைக் காட்டக் கூடாது என்று 2025 ஜனவரியிலேயே செபி சுற்றறிக்கை வந்தாயிற்று. இப்போதைய அழைப்பிலோ “லைவ் மார்க்கெட் கிளாஸ்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

புரோக்கருக்கு எழுதினோம், “ஆர்டர் வாடிக்கையாளரே போட்டது” என்று பதில். ஏ.பி. செய்ததற்குப் புரோக்கர்தான் பொறுப்பு என்பதால் செபியின் புகார்த் தளமான ஸ்கோர்ஸில் புகார் போயிருக்கிறது. ஃபீஸுக்கு சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் தனி வழக்கு. அதே பேட்ச்சில் படித்தவர்கள் இதைப் படித்தால் ஜூன் 3, 4 மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். குழுவையே கலைத்துவிட்டார்கள், நம் போனில் இருப்பதுதான் மிச்சம். கணக்கு தொடங்கிய படிவத்தையும் புரோக்கரிடம் மெயிலில் கேட்டு வாங்குங்கள், யார் பேரில் ஏ.பி. என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.