ஆறடி பதினோரு அங்குலத்தில் ஒரு பாயிண்ட் கார்டு

ஏற்காட்டிலிருந்து அக்கா மகன் போன வாரம் போன் செய்தான். "மாமா, நீங்க ஆடறீங்கல்ல, அந்தக் கூடைப்பந்து மேனேஜர் கேம், அதுல நானும் சேரட்டுமா?" என் அணி ஒரு டிவிஷன் கீழே இறங்கிய சூடு அப்போது இன்னும் ஆறியிருக்கவில்லை. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும். "அப்புறம் சொல்றேன் மாப்ள" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

ஆன்லைனில் கம்ப்யூட்டர் ஆட்களை வைத்து ஒரு அணியை நடத்துகிற கேம் அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆடுகிறவர்களுக்கு நாலு வரியில் புரிந்துவிடும். 2015 ஜூனில் பஞ்சாப் பையன் சத்னாம் சிங்கை அமெரிக்காவின் என்.பி.ஏ. டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளில், டல்லாஸ் அணி 52ஆவது ஆளாக எடுத்தது என்ற செய்தியைப் படித்த வேகத்தில் கணக்குத் தொடங்கினேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. காசு கட்டி ஆடும் வசதியும் உண்டு. கட்டினால் சில சௌகரியங்கள் கிடைக்கும், அதற்காக நம் அணிப் பையன்கள் வேகமாக வளர்ந்துவிட மாட்டார்கள். அந்த நேர்மையை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் இனிமேல் திட்டத்தான் போகிறேன்.

என் ஒரே புகார் டிரெய்னிங்தான். நம் வசதிக்குப் பையனைக் கூப்பிட்டு, "வாப்பா, இன்னைக்குப் பந்து தட்டிப் பழகு" என்றெல்லாம் சொல்ல முடியாது. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு டிரெய்னிங்தான் தேர்ந்தெடுக்கலாம். அந்த டிரெய்னிங் எந்த இடத்துக்கு உரியதோ, அந்த இடத்தில் நின்று நிஜ மேட்ச் ஆடியவனுக்குத்தான் அது சேரும். பந்தைக் கையாளும் திறன் வளர வேண்டுமா? பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு போய் பாஸ் கொடுத்து ஆட்டத்தை நடத்துகிறவனாக, ஆட வேண்டும். அதுவும் வாரத்தில் 48 நிமிடம். ஒரு நிமிடம் குறைந்தாலும் அந்த அளவுக்குப் பலன் குறையும். வாரத்துக்கு மூன்று மேட்ச், மேட்சுக்கு 48 நிமிடம். ஆக ஒரே இடத்தில் முழுசாக வளர்க்கக்கூடியது மூன்று பேரை. ஒரே டிரெய்னிங்கை இரண்டு இடத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் ஆறு பேர் தேறுவார்கள், ஆனால் நத்தை வேகம்.

நம் ஊரில் ஆட்டமே 40 நிமிடம்தான், நாலு பத்து. 5 ஃபவுலுக்கு ஆள் வெளியே. அங்கே அமெரிக்கக் கணக்கு, நாலு பன்னிரண்டு, 6 ஃபவுல். அந்தக் கூடுதல் எட்டு நிமிடம் எத்தனை ராத்திரி என் தூக்கத்தைத் தின்றிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். நாற்பது பாயிண்ட் முன்னிலையில் இருக்கும்போது கோச் பையனை உட்கார வைத்துவிடுவான். ஜெயித்த சந்தோஷத்தோடு நிமிடக் கணக்கைப் பார்த்தால் 39. மீதி ஒன்பதை அந்த வாரத்துக்குள் இன்னொரு மேட்சில் பிச்சை எடுக்க வேண்டும்.

இதில் உயரம் வேறு. நெட்டையனுக்கு ரீபவுண்ட் (குறி தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது), கூடைக்கு அடியில் ஷாட் எல்லாம் சீக்கிரம் ஏறும், பந்து தட்டுவது, பாஸ் கொடுப்பது எல்லாம் லேசில் ஏறாது. குட்டையனுக்கு அப்படியே நேர்மாறு. கணக்காகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் எனக்கு இந்த நியாயத்தோடு பழைய பகை. ஒன்பதாவது படிக்கும்போதே நான் ஆறடி. எங்கள் பி.டி. வாத்தியார் முதல் நாளே அளந்து பார்க்காமல் சொன்னார்: "நெட்டையா இருக்க, போய் கூடைக்கு அடியில நில்லு." மூன்று வருஷம் அங்கேயே நின்றேன். ரீபவுண்ட் பிடி, பக்கத்தில் இருக்கிற குட்டையனிடம் கொடு, முடிந்தது வேலை. ஒரு தடவை சேலம் காந்தி ஸ்டேடியத்தில் நடந்த ஆட்டத்தில் பந்தோடு நாலடி ஓடிவிட்டேன். அதற்கே வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார். அதற்கப்புறம் நான் தட்டவே இல்லை.

அதனால்தான் டிராஃப்டில் 18 வயசில் ஆறடி பதினோரு அங்குலத்தில், அதாவது 211 சென்டிமீட்டரில், ஒருத்தன் கிடைத்ததும் அவனை பாயிண்ட் கார்டு ஆக்கியே தீருவது என்று முடிவு பண்ணினேன். கம்ப்யூட்டர் வைத்த பெயர் வாயில் நுழையாது. நான் நெட்டையன் என்றுதான் கூப்பிடுகிறேன். அவனுடைய வளர்ச்சி வரம்பு 'ஸ்டார்'. இந்த வரம்புக்குக் கீழிருந்து மேல்வரை பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது 'அனௌன்சர்', அதாவது இவன் மைக் பிடிக்கத்தான் லாயக்கு என்று அர்த்தம். இதை யோசித்தவன் கையைக் குலுக்க வேண்டும்.

ஹேண்ட்லிங் 4, பாஸிங் 4, 'இனெப்ட்', அதாவது கையாலாகாதவன், என்று எழுதியிருந்தது. குட்டைப் பையனுக்கு இரண்டு வாரத்தில் ஒரு படி ஏறினால் இவனுக்கு நாலு வாரம். எண் மட்டும்தான் தெரியும், அதற்குப் பின்னால் இருக்கும் தசமம் தெரியாது. 5.1ஆ 5.9ஆ என்று கடவுளுக்கே வெளிச்சம். வெள்ளிக்கிழமை அப்டேட் வரும். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறையில் நான் கணக்குப் பார்க்கிற ஆள். வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, கொலுசாகத் திரும்பி வந்ததும் எடை போட்டு வாங்க வேண்டும். கிராமில் பின்னம் குறைந்தாலும் ஆளைக் கேள்வி கேட்பேன். அப்படிப்பட்டவன் தெரியாத தசமத்துக்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனைத் திறந்து, மூடி, திறந்து… பட்டறைப் பசங்களுக்கே தெரியும். "அண்ணா, ஏறுச்சா?" என்பார்கள். ஏறினால் சாயங்காலம் எல்லோருக்கும் தட்டுவடை செட் என் செலவு. நாலு வாரத்துக்கு ஒரு தடவைதான் என்பதால் கட்டுப்படியாகிறது.

மச்சான் ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுகிறவர். போன தை மாசம் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்தவர் என் போனை எட்டிப் பார்த்தார். "ஏப்பா, காப்பி நாத்து நட்டா மூணு நாலு வருஷம் ஆகும் காய் பார்க்க. அதுவரைக்கும் நிழல் குடுக்கறோம், களை எடுக்கறோம், கவாத்து பண்றோம். நீ இவனுக்கு என்ன குடுக்கற?"

"வாரத்துக்கு மூணு மேட்ச்ல தோல்வி குடுக்கறேன் மச்சான்."

சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நிஜமாகவே அதுதான் விலை. பாஸே கொடுக்கத் தெரியாதவன் பாயிண்ட் கார்டு இடத்தில் 48 நிமிடம் நின்றால் பந்து எதிரணிக்காரன் கையில்தான் இருக்கும். மூன்று சீசன், சீசனுக்கு 14 வாரம். முதல் சீசன் பிழைத்தேன். இரண்டாவதில் கடைசி நாளில் தப்பினேன். மூன்றாவதில் இறங்கிவிட்டேன். பக்கத்து அணிக்காரர்களெல்லாம் நெட்டையனைக் கூடைக்கு அடியில் நிறுத்தி, குட்டையனைக் கார்டு ஆக்கி, விற்று, காசு சேர்த்து மேலே போய்விட்டார்கள். அவர்கள் செய்ததுதான் சரி. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எரிச்சல்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன மாசம் ஒரு லீக் மேட்ச். திரையில் ஒன்றுமே இல்லை, சில புள்ளிகள் நகரும், கீழே எழுத்து ஓடும், அவ்வளவுதான். நெட்டையனுக்கு இப்போது 21 வயசு, ஹேண்ட்லிங் 9, பாஸிங் 8. எதிரே நின்ற கார்டு ஆறடிகூட இல்லை. அவன் தலைக்கு மேலாகவே பாஸ் போகிறது. ஒன்பது அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ், அதற்கு மேல் பதினோரு ரீபவுண்டும் எடுத்தான், கார்டு இடத்தில் நின்றுகொண்டே! ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுத்தைப் படித்துக்கொண்டு நான் தனியாகக் கை தட்டினேன். வீட்டுக்காரி எழுந்து லைட் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அணைத்துவிட்டாள்.

எதிர்பார்க்காத இன்னொரு லாபம் சம்பளம். ஒருத்தன் எந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்துகிறானோ அதை வைத்துத்தான் சம்பளம் போடுகிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவனுக்குச் செலவு குறைவு, களத்தில் பயன் அதிகம். வெறும் ரீபவுண்டை மட்டும் ஏற்றி ராட்சசன் வளர்த்தவர்கள் சீசன் தொடக்கத்தில் சம்பளப் பட்டியலைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள். என் நெட்டையன் அவர்கள் ஆளில் பாதி சம்பளத்துக்கு ஆடுகிறான். இந்தக் கேமை அமைத்தவர்கள் கூடைப்பந்தை உள்ளும் புறமும் தெரிந்தவர்கள், அதில் சந்தேகமே இல்லை. பத்து வருஷத்தில் இத்தனை யோசிக்க வைத்த வேறு கேம் என் போனில் இருந்ததில்லை.

அதனால் மாப்ள, சேராதே.

உனக்குப் பதினேழு வயசு. மழை இல்லாத சாயங்காலம் எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் கூடை காலியாகக் கிடக்கிறது. அங்கே தசமம் எல்லாம் கிடையாது, பந்து கையில் நிற்கிறதா இல்லையா என்பது அப்போதே தெரிந்துவிடும். அதையும் மீறிச் சேர்ந்தால், மூன்று பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வளர்க்காதே, முதல் இரண்டு சீசன் மேலே ஏற ஆசைப்படாதே, நெட்டையனை வாங்கினால் கூடைக்கு அடியில் நிறுத்து. என்னைப் பார்த்துக் கெட்டுப்போகாதே.

நேற்று நட்பு ஆட்டத்தில் நெட்டையன் 41ஆவது நிமிடத்தில் ஆறாவது ஃபவுல் வாங்கி வெளியே போனான். இந்த வாரக் கணக்கில் 7 நிமிடம் பாக்கி, மேட்ச் ஒன்றுதான் பாக்கி. அதில் ஜெயித்தால் திரும்ப மேலே ஏற வழி உண்டு. பாஸிங் 9க்கு இந்த வாரம் ஏறுமா என்பது அந்தப் பாழாய்ப்போன தசமத்துக்குத்தான் தெரியும். லைன்அப் போட்டாயிற்று, பாயிண்ட் கார்டு இடத்தில் அவன் பெயர்தான்.