சுகருக்கு எங்கே காட்டுவது: அரசிலா, தனியாரிலா?

சுகருக்கு வைத்தியம் ஆயுசுக்கும் தொடரும். அதனால் இருபது வருடம் விடாமல் எங்கே போய்வர முடியும் என்பதுதான் என் முதல் கேள்வி.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் இலவசம். ‘அரசு மாத்திரை வேலை செய்யாது’ என்ற பேச்சை நம்பாதீர்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, ஆய்வகச் சோதனையில் தேறிய மருந்தைத்தான் அனுப்புகிறது. சுகருக்குப் பரவலாகத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை எங்கே வாங்கினாலும் மெட்ஃபார்மின்தான்.

அங்கே போனால் ஆகிற செலவு, வேலைக்குப் போகாமல் இழக்கிற அரை நாள் கூலிதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் அதையும் மிச்சப்படுத்தியது. தன்னார்வலர் வீட்டுக்கே வந்து விரலில் குத்திப் பார்த்து, மாத்திரை தருகிறார். ஆனால் மாத்திரை வாசலுக்கு வந்துவிடுவதால் டாக்டரைப் பார்ப்பதே நின்றுபோகிறது. சுகர் 280 காட்டினாலும் அதே பழைய அளவிலேயே ஓடுகிறது. இது ஆபத்து.

தெருமுனை கிளினிக்கில் சாயங்காலம் போகலாம், டாக்டருக்கு நம்மைத் தெரியும். ஆனால் பல இடங்களில் வெறும் வயிற்று சுகரோடு சரி. இரண்டு நாள் வாயைக் கட்டினால் அந்த எண் இறங்கிவிடும். மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அப்படி ஏமாறாது.

தனியார் சுகர் மையத்தின் பலம், எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது. கண்ணின் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இதெல்லாம் பார்வையையும் காலையும் காப்பாற்றுகிற சோதனைகள். ஆனால் வருடம் ஒருமுறை போதுமான சோதனைகளையும் பேக்கேஜ் என்று ஒவ்வொரு முறையும் எடுக்கச் சொன்னால் கட்டுப்படியாகாது. முதல்வர் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் கைகொடுக்கும். இந்தச் செலவு கைக்காசுதான்.

என் தேர்வு: மாத்திரைக்கு அரசு. ஹெச்பிஏ1சி வருடம் இரண்டு முறை, கட்டுக்குள் இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கண், கால், சிறுநீரகச் சோதனை வருடம் ஒருமுறை. பக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்தால் அங்கே, இல்லையென்றால் தனியாரில். எங்கே போனாலும் ஒரே நோட்டைக் கொண்டுபோங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் இன்சுலின் போடும் குழந்தைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் பெரிய ஆஸ்பத்திரியின் தொடர் கவனிப்பில் இருக்க வேண்டும். காலில் புண் வந்தால் யாரானாலும் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.