மானியம் இருக்கிறது, இடம் யாருடையது? தண்டையார்பேட்டையில் மனுவோடு அலைந்த அனுபவம்

ஷார்ஜாவிலிருந்து லீவில் போகிறவன் ஊரில் பார்க்கும் அலுவலக வேலை வழக்கமாக ஆதார் திருத்தம், பேங்க் கே.ஒய்.சி., சொத்து வரி, அவ்வளவுதான். இந்த முறை அதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு இரண்டு விஷயத்துக்கு அரசு உதவி கேட்டு அலைந்தேன். ஒன்று எங்கள் தெருக் கேரம் மன்றம். இன்னொன்று அண்ணியின் தையல் தொழில். இரண்டும் வேறு வேறு துறை, வேறு வேறு கவுன்ட்டர், ஆனால் இரண்டு இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இடம் யாருடையது?

முதலில் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி என அறிவித்தார்கள், 2024 மார்ச்சில் தங்கசாலையில் முதலமைச்சர் தொடங்கி வைத்தபோது அது 4,181 கோடியாக வளர்ந்திருந்தது. அதனால் எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் "அதுலதான் நெறைய பணம் வந்திருக்கே, ஒரு மனு போடு" என்கிறார்கள். அது நாம் மனு போட்டு வாங்கும் பணம் இல்லை. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின் வாரியம் மாதிரி துறைகள் தங்கள் வேலையை எடுத்துச் செய்யும் திட்டம். கொளத்தூரில் படிப்பதற்கும் லேப்டாப் வைத்து வேலை செய்வதற்கும் முதல்வர் படைப்பகம் என்று கட்டியிருக்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி. எங்கள் ஏரியாவுக்கும் ஒன்று வேண்டுமென்றால் கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் கேட்கலாம், தெருக்காரர்கள் சேர்ந்து விண்ணப்பம் போட அதில் ஃபார்ம் கிடையாது.

தெருக்காரர்கள் போடக்கூடியது நமக்கு நாமே திட்டம். 1990களின் கடைசியில் வந்த பழைய திட்டம், 2021இல் நகரங்களுக்கும் சேர்த்து மறுபடி உயிர் கொடுத்தார்கள். பூங்கா, பள்ளிக் கட்டடம், நூலகம், விளையாட்டுத் திடல், குளம் தூர்வாருதல் என்று பொதுவான ஒரு வேலைக்கு மக்கள் தங்கள் பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். பொதுவாக மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. ஒன்பது லட்சம் எஸ்டிமேட் என்றால் நாம் மூன்று கொண்டு வர வேண்டும்.

எங்கள் மன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தகரக் கூரை, மூன்று போர்டு, போர்டுக்கு மேலே தொங்கும் பல்பில் அட்டைக் கூம்பு மாட்டியிருப்பார்கள், போரிக் பவுடர் வாசனை எந்நேரமும் இருக்கும். வட சென்னையில் கேரம் பொழுதுபோக்கு மட்டும் இல்லை என்பதை வெளியூர்க்காரர்களும் இப்போது ஒத்துக்கொள்கிறார்கள், 2024இல் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய பிறகு. எங்கள் பையன்களுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. ஆனால் ஐப்பசி மழைக்கு உள்ளே குடை பிடித்துத்தான் ஸ்ட்ரைக்கர் அடிக்க வேண்டும். கீழே கேரம், மேலே மாலையில் பிள்ளைகள் படிக்க ஓர் அறை, இதுதான் திட்டம்.

மனுவை எடுத்துக்கொண்டு போன அலுவலகத்தில் அந்த ஏ.இ. (உதவிப் பொறியாளர்) நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார், ஃபோட்டோக்களைப் பார்த்தார், அப்புறம் கேட்டார்: "சரி சார், கட்டடம் மாநகராட்சி எடமா, வாரியம் எடமா?" எங்களுக்குள்ளேயே மூன்று பதில். பெரியவர் ஒருத்தர் ரயில்வே என்றார். வட சென்னையில் இது சாதாரணம். ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் ரயில்வே, நடுவில் அறநிலையத் துறை, மாநகராட்சி, 1970இல் குடிசை மாற்று வாரியமாக ஆரம்பித்து 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய வாரியம் (ஏ.இ. கேட்டது இதைத்தான்), எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும், எல்லைக்கல் எங்கே என்று அந்தத் துறைக்கே சந்தேகம். கடைசியில் நில அளவைப் பதிவேட்டைப் பார்த்ததில் வாரிய இடம் என்று தெரிந்தது. ஆக, வாரியத்திடம் தடையில்லாச் சான்று வாங்காமல் எஸ்டிமேட்டே போட முடியாது. கட்டி முடித்த பிறகும் அது பொதுச் சொத்துதான், மன்றத்துச் சொத்து கிடையாது, பெயர்ப் பலகை கூட அதற்கேற்ற மாதிரிதான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். பழைய ஆட்களில் சிலருக்கு அதில் வருத்தம். எனக்கு அது நியாயமாகவே பட்டது, பொதுப் பணத்தில் கட்டியதற்கு நாம் பூட்டுப் போட முடியுமா?

அடுத்து எங்கள் பங்குப் பணம். இதை வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனமாகப் படிக்கவும். கூடப் படித்தவர்கள் நாலு நாட்டில் இருக்கிறோம், வாட்ஸப்பில் ஒரே நாளில் வாக்குறுதி குவிந்துவிட்டது. ஆனால் மன்றத்துக்குப் பதிவே இல்லை, பதிவில்லாமல் அதன் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க எந்தக் கிளையிலும் ஆயிரம் கேள்வி. சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975படி ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம், துணை விதிகள் எழுத வேண்டும், வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும். அது ஆகிவிடும். சிக்கல் வேறு இடத்தில். நான் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன், என் சம்பளச் சேமிப்பை வங்கி வழியாகச் சங்கத்துக்கு நன்கொடை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான். அவன் கையில் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது) இருந்தாலும், இதே தெருவில் பிறந்து வளர்ந்திருந்தாலும், அவன் பத்து டாலர் கொடுத்தாலும் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்கச் சங்கத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்தாலும் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் ஒரு குறிப்பிட்ட கிளையில் கணக்குத் திறந்துதான் முதலில் வாங்க முடியும். கேரம் மன்றத்துக்கு இதெல்லாம் ஆகிற காரியமா? அவனிடம் "மச்சான், உன் பணம் வேண்டாம், நீ வந்து போர்டு ஆடு போதும்" என்று சொல்லிவிட்டோம். திட்டித் தீர்த்தான். சொந்தக்காரர் கணக்கில் போட்டுச் சுற்றி விடலாம் என்று ஒருத்தர் யோசனை சொன்னார், ஆடிட்டர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார்.

அண்ணி விஷயம் இதைவிட வேகம். வயசு நாற்பதுக்கு மேல், பழைய வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்கு பிளவுஸும் நைட்டியும் தைத்துக் கொடுக்கிறார், ஒரே ஒரு மோட்டார் மிஷின். கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்கள் இருக்கின்றன, தையல், மீன் வலை பின்னுவது, படகு செய்வது, பூத்தொடுப்பது வரை, அதாவது எங்கள் பக்கத்து ஜனங்கள் செய்வதெல்லாம். முப்பத்தைந்து வயசு ஆகியிருக்க வேண்டும். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம் மானியம், ஆனால் மானியம் 50,000க்கு மேல் போகாது, வட்டியில் 5 சதவீதம் வரை சலுகை. இதை ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 லட்சத்துக்கே 50,000 முழுதாக வந்துவிடும். 3 லட்சம் வாங்கினாலும் மானியம் அதேதான், கூடுதல் ஒரு லட்சம் வெறும் கடன். "மூணு லட்சம் எழுதிடலாம்" என்று நெட் சென்டர் தம்பி சொன்னதும் அண்ணி கையைத் தடுத்து "ரெண்டு போதும்பா" என்றார், இந்தக் கணக்கை நான் சொல்வதற்கு முன்பே.

சிறு தொழில் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். வெளியே அதற்குக் காசு கேட்கிறார்கள், கொடுக்காதீர்கள். சென்னைக்குத் தொழில் துறை அலுவலகம் கிண்டியில், மண்டல இணை இயக்குநர் அலுவலகம். ஒரு காலத்தில் தண்டையார்பேட்டையிலிருந்து கிண்டி என்றால் ஒரு நாள் போச்சு. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டித்த பிறகு மாறாமல் ஒரே ரயில், அண்ணி வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே விளக்கமாகவும் பொறுமையாகவும் சொன்னார்கள்.

வங்கியில்தான் நின்றது. மானியம் நம் கைக்கு வராது, கடன் சாங்ஷன் ஆனால்தான் வரும், ஆகவே மேனேஜர் கையில் இருக்கிறது எல்லாம். பெயர் வேண்டாம், அந்தக் கிளையில் "தொழில் நடக்கிற இடத்துக்குப் பத்திரம் கொண்டாங்க" என்றார்கள். வாரியக் குடியிருப்பு, ஒதுக்கீட்டு ஆணை இறந்துபோன மாமியார் பெயரில், கிரயப் பத்திரம் இன்னும் வாங்கவில்லை. "அப்போ ஏதாவது அடமானம்?" என்றதும் நான், சிறு தொழிலுக்கு இந்த அளவு கடனுக்கெல்லாம் அடமானம் கேட்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியைச் சொன்னேன். "கேக்கலை சார், சும்மா விசாரிச்சோம்" என்றார்கள். கரன்ட் பில், ரேஷன் கார்டு, வாரிசுச் சான்றிதழ், வாரியத்தில் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்த மனுவின் ரசீது, இவ்வளவும் கொடுத்த பிறகு ஃபைல் மேலே போனது.

நான் கிளம்பும்போது அண்ணியின் கடன் பரிசீலனையில் இருந்தது, மன்றத்தின் பதிவு மனு பதிவாளரிடம், தடையில்லாச் சான்று மனு வாரியத்தில். பின்தொடர ஊரில் ஆள் வேண்டும். எங்களுக்கு ஒரு ஓய்வு பெற்ற ரேஷன் கடை ஊழியர் கிடைத்தார், ஒவ்வொரு ரசீதையும் ஃபைலில் குத்தி வைத்துக்கொண்டு, எந்த அலுவலகத்தில் என்றைக்குக் கூட்டம் இருக்காது என்று அவருக்குத்தான் தெரியும். லீவில் வந்து இதை ஆரம்பிக்க நினைப்பவர்கள் அப்படி ஒருத்தரை முதலில் பிடித்துவிட்டு, இடத்துப் பேப்பரையும் தேடி எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் டிக்கெட் போடுங்கள்.