ஜியோஜீப்ராவா, டெஸ்மோஸா: இப்போது மட்டுமா, எப்போதுமா?

கணக்கைக் காதால் கேட்டுப் படிக்க இணையத்தில் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. கையால் அசைத்துப் பார்த்துப் படிக்க ஒரு கருவி வேண்டும் என்றால் போட்டி பெரும்பாலும் இரண்டுக்குள்தான்: ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ். இரண்டுக்கும் காசு கிடையாது, இரண்டும் பிரவுசரிலும் போனிலும் ஓடும், இரண்டிலும் ஒரு எண்ணின் மதிப்பை இழுத்து மாற்றும் ஸ்லைடர் உண்டு. அதையெல்லாம் விட்டுவிடுவோம். ஒன்றை மட்டும்தான் பழகப்போகிறீர்கள் என்றால் என் ஓட்டு ஜியோஜீப்ராவுக்கு. காரணம் ஒன்றே ஒன்றுதான், அதற்குக் கீழே வருகிறேன். அதற்கு முன் டெஸ்மோஸுக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும்.

சார்புகளின் வரைபடம் மட்டுமே வேலை என்றால் டெஸ்மோஸ் முந்திவிடும். 'ஒய் = அ எக்ஸ் வர்க்கம்' என்று அடித்த உடனே அ-வுக்கு ஸ்லைடர் வேண்டுமா என்று அதுவே கேட்கும். அ-வின் இடத்தில் சதுர அடைப்புக்குள் 1, 2, 3 என்று போட்டால் மூன்று பரவளையங்களும் ஒன்றாக வந்து நிற்கும். ஜியோஜீப்ராவில் இதே வேலைக்கு 'சீக்வென்ஸ்' கட்டளையை எழுதி, எதை, எங்கிருந்து, எதுவரை என்று வரிசையாகக் கொடுப்பதே வழக்கம். புதிதாக வருகிறவர் அங்கேயே காற்புள்ளியைத் தவறவிட்டு நிற்பார்.

துளைகளைக் காட்டுவதிலும் டெஸ்மோஸ் கெட்டி. எக்ஸ் வர்க்கம் கழித்தல் 4, அதை எக்ஸ் கழித்தல் 2-ஆல் வகுத்தால் வருவது பார்வைக்கு ஒரு நேர்கோடு, எக்ஸ் = 2 என்ற இடத்தில் மட்டும் ஒரு துளை. டெஸ்மோஸில் கோட்டைத் தொட்டு அந்த இடத்துக்குப் போனால் திறந்த வட்டம் தெரியும், மதிப்பு வரையறுக்கப்படவில்லை என்றும் சொல்லும். ஜியோஜீப்ரா வழக்கமாகக் கோட்டை முழுசாகப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். எக்ஸ் = 2-இல் மதிப்பு என்ன என்று நீங்களாகக் கேட்டால் கேள்விக்குறி வரும். எல்லை, தொடர்ச்சி ஆகிய பாடங்களை நடத்துகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

அட்டவணையில் புள்ளிகளைப் போட்டுப் பொருத்தமான கோடு காண்பதும் டெஸ்மோஸில் ஒரே வரி. சமக்குறிக்குப் பதில் அலைக்குறி போட வேண்டும், அவ்வளவுதான். சமக்குறியைப் போட்டுவிட்டுக் கோடு வரவில்லை என்று தேடுவதுதான் அங்கே வழக்கமான தவறு. அமெரிக்கக் கல்லூரிகளுக்காக டிஜிட்டல் எஸ்ஏடி எழுதுகிறவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. தேர்வுத் திரைக்குள்ளேயே டெஸ்மோஸ் இருக்கிறது, அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் பொதுவாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சைன் 30 என்று அடித்தால் 0.5 வராது, மைனஸ் 0.988 வரும். டெஸ்மோஸ் ரேடியன் என்ற கோண அலகில்தான் தொடங்குகிறது, ஜியோஜீப்ராவும் டிகிரிக் குறி இல்லாத எண்ணை ரேடியனாகவே எடுத்துக்கொள்ளும். டெஸ்மோஸில் திருகுச்சாவிப் படத்தைத் தொட்டு டிகிரிக்கு மாற்றலாம். ஆனால் மாற்றிய கையோடு சைன் வளைவரையை வரைந்தால் அலையே தெரியாது, ஏறக்குறையப் படுத்த கோடுதான் தெரியும். திரை மைனஸ் 10-இலிருந்து 10 வரைதான் காட்டுகிறது, சைன் 10 டிகிரியோ 0.17-தான். எக்ஸ் அச்சை 360 வரை நீட்டினால் அலை வந்துவிடும். ஜியோஜீப்ராவில் அமைப்பை மாற்றுவதைவிட எண்ணுக்குப் பின்னால் டிகிரிக் குறி போடுவது நல்லது. கணினியில் ஆல்ட்டோடு 'ஓ' விசையை அழுத்தினால் அந்தக் குறி வரும்.

இனி வடிவியல். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் வரும் கணக்கையே எடுத்துக்கொள்வோம்: 6 செ.மீ விட்டமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ தொலைவில் ஒரு புள்ளி, அங்கிருந்து இரண்டு தொடுகோடுகள். மையம் ஓ, வெளிப்புள்ளி பி என்று வைத்து ஓ-வை மையமாகக் கொண்டு ஆரம் 3 உள்ள வட்டம் வரையுங்கள். ஓபி-யின் நடுப்புள்ளியைக் கண்டு, அதை மையமாக வைத்து ஓ வழியாக இரண்டாவது வட்டம். இரண்டு வட்டங்களும் வெட்டுமிடங்கள் தொடுபுள்ளிகள். தொடுகோட்டின் நீளம் 55-இன் வர்க்கமூலம். ஜியோஜீப்ரா 7.42 என்று காட்டும். காகிதத்தில் அளந்து 7.4 என்று எழுதியதும் இதுவும் ஒன்றுதான், தசமத்தைக் கூட்டிப் பார்த்தால் 7.416 வரும்.

இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு: வெட்டும் இடத்தில் 'வெட்டுப்புள்ளி' கருவியை எடுக்காமல் சாதாரணப் புள்ளிக் கருவியால் கிளிக் செய்வது. கொஞ்சம் தள்ளிப்போனாலும் அந்தப் புள்ளி ஒரு வட்டத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பி-யைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், தொடுகோடு வட்டத்தைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். இழுக்காமலேயே கண்டுபிடிக்க நிறம் உதவும். எங்கு வேண்டுமானாலும் நகரும் புள்ளி நீலம், ஒரு கோட்டிலோ வட்டத்திலோ ஒட்டியது வெளிர் நீலம், மற்றவற்றால் தீர்மானிக்கப்பட்டது கருமை. தொடுபுள்ளி கருமையாக இல்லையென்றால் வரைதல் பொய். சரியாக வரைந்தபின் பி-யை வட்டத்துக்குள் இழுத்தால் தொடுகோடுகள் மறைந்து, இயற்கணிதப் பட்டியலில் கேள்விக்குறி வரும். உள்ளிருந்து தொடுகோடு கிடையாது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டெஸ்மோஸின் வரைபடக் கருவியில் இதைச் செய்ய, தொடுபுள்ளியின் ஆயத்தொலைவை நீங்களே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். பி எக்ஸ் அச்சில் 8-இல் இருந்தால் தொடுபுள்ளி 9-ஐ 8-ஆல் வகுத்தது, அதாவது 1.125, உயரம் 2.78. பதினோராம் வகுப்புக்கு அது நல்ல பயிற்சிதான், பத்தாம் வகுப்புக்கு அல்ல. அதன் தனி வடிவியல் கருவியில் கவராயம், வெட்டுப்புள்ளி எல்லாம் உண்டு, இழுத்தாலும் உடையாது. ஜியோஜீப்ரா அளவுக்கு அதில் கை பழகவில்லை என்பதால் அதைக் குறைத்துச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை.

ஆனால் இழுத்துப் பார்த்து முடித்தபின் ஒரு கேள்வி வருமே, அதற்கு டெஸ்மோஸிடம் பதில் இல்லை. நான் இழுத்துப் பார்த்த இருபது இடங்களில் மட்டும் இது உண்மையா, எப்போதுமே உண்மையா? கணக்கு தொடங்குவதே இந்தக் கேள்வியில்தான்.

மூன்று புள்ளிகளைத் தட்டச்சு செய்யுங்கள்: ஏ (0, 1), பி (2, 5), சி (3, 7). மூன்றும் ஒய் = 2 எக்ஸ் + 1 என்ற கோட்டில் இருக்கின்றன. ஜியோஜீப்ராவில் 'ஆர்கொலினியர்' கட்டளையால் மூன்றும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று கேட்டால் 'ஆம்' வரும். அதே கட்டளையை 'ப்ரூவ்' (நிரூபி) கட்டளைக்குள் போட்டுக் கேளுங்கள், 'இல்லை' என்று வரும். முதல் கேள்விக்கு இருக்கும் எண்களை வைத்துப் பார்த்தது. இரண்டாவதில் இந்த மூன்றும் நீலப் புள்ளிகள், யாரும் எங்கும் இழுக்கலாம், ஆகவே ஒரே கோட்டில் இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை என்று சொல்கிறது. ஒரு எடுத்துக்காட்டுக்கும் ஒரு தேற்றத்துக்கும் உள்ள தூரம் இந்த இரண்டு வரிகளில் தெரிந்துவிடுகிறது.

இப்போது ஒரு முக்கோணம் வரைந்து நடுக்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம், செங்கோட்டு மையம் மூன்றையும் காணுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோடுகளும் அவற்றின் வெட்டுப்புள்ளியும் போதும். உச்சியை எங்கே இழுத்தாலும் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும், அதுதான் ஆய்லர் கோடு. 'ரிலேஷன்' கட்டளைக்கு மூன்று புள்ளிகளையும் நெளிவு அடைப்புக்குள் பட்டியலாகக் கொடுத்தால், ஒரே கோட்டில் உள்ளன, எண்ணளவில் சரிபார்க்கப்பட்டது என்று ஒரு பெட்டி வரும். 'எண்ணளவில்' என்ற அந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் 'மேலும்' பொத்தானை அழுத்தினால்தான் குறியீட்டளவில் (எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து) சோதித்து, பொதுவாகவே உண்மையா என்று சொல்லும். பல நேரம் ஒரு நிபந்தனையும் சேர்ந்து வரும், முக்கோணத்தின் உச்சிகளே ஒரே கோட்டில் விழாதவரை என்பது போல. தேற்றத்தின் முன்நிபந்தனைகளை மனப்பாடம் செய்து சலித்தவர்களுக்கு அது எங்கிருந்து முளைக்கிறது என்று இங்கே புரியும்.

அடுத்து முக்கோணத்தை (−2, 0), (2, 0), (0, 5) என்று வைத்து உள்வட்ட மையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் அதே கோட்டில் நிற்கும். ஆஹா, நான்காவது மையமும் சேர்ந்துவிட்டது என்று தோன்றும். மேல் உச்சியைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளுங்கள், உள்வட்ட மையம் மட்டும் கோட்டைவிட்டு விலகும். இருசமபக்க முக்கோணம் நம்மை ஏமாற்றியிருக்கிறது.

இங்கே ஜியோஜீப்ராவின் குறையையும் சொல்லியாக வேண்டும். உள்வட்ட மையத்தைப் போலக் கோண இருசமவெட்டி வரும் இடங்களில் 'ப்ரூவ்' பலமுறை கைவிரித்துக் கேள்விக்குறி போட்டுவிடும். சமன்பாடாக மாற்றும்போது உள் இருசமவெட்டிக்கும் வெளி இருசமவெட்டிக்கும் ஒரே பல்லுறுப்புக்கோவைதான் கிடைக்கிறது, எது எது என்று பிரிக்க முடிவதில்லை. அந்தக் கேள்விக்குறிக்கு 'பொய்' என்று அர்த்தமல்ல, 'தெரியவில்லை' என்று அர்த்தம். இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். இன்னொன்று, சரி என்று சொல்லுமே தவிர ஏன் என்று சொல்லாது. நிரூபணத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இயற்கணிதத்திலும் இதே வேறுபாடு தொடர்கிறது. எக்ஸின் நான்காம் அடுக்கு கூட்டல் 4-ஐக் காரணிப்படுத்தச் சொன்னால் ஜியோஜீப்ராவின் சிஏஎஸ் (எழுத்துகளை வைத்து இயற்கணிதம் செய்யும்) பகுதி இரண்டு இருபடிக் காரணிகளைப் பிரித்துக் கொடுக்கும். டெஸ்மோஸ் அதே கோவையை அழகாக வரைந்து காட்டும், காரணிப்படுத்தாது.

பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஜியோஜீப்ராவை 2021 டிசம்பரில் பைஜூஸ் வாங்கியது. அந்த நிறுவனமே 2024-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. டெஸ்மோஸும் 2022-இல் இரண்டாகப் பிரிந்தது, வகுப்பறைப் பாடங்கள் ஆம்ப்ளிஃபை நிறுவனத்துக்கும் கால்குலேட்டர்கள் டெஸ்மோஸ் ஸ்டூடியோவுக்கும் போயின. ஆக, இரண்டு இடத்திலும் நாளை என்ன என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஜியோஜீப்ரா கிளாசிக்கைக் கணினியில் நிறுவி நெட் இல்லாமல் ஓட்டலாம், கோப்பைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப். பின்னொட்டை மாற்றித் திறந்தால் உள்ளே ஒவ்வொரு கட்டளையும் வெறும் எழுத்தாக இருக்கும். டியூஷன் சென்டர் நடத்துகிறவர்கள் கவனிக்க: ஜியோஜீப்ரா இலவசம் என்பது வணிகமல்லாத பயன்பாட்டுக்குத்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், வீட்டில் தமிழ்நாட்டுப் பாடநூல் இருந்தால் அதுவே போதும். 'இணையச் செயல்பாடு' பெட்டியில் உள்ள கியூஆர் குறியைப் போனில் காட்டினால் பெரும்பாலும் ஜியோஜீப்ரா பணித்தாள்தான் திறக்கும். ஸ்லைடரை இரண்டு முறை ஆட்டிவிட்டு மூடிவிடாமல், கோப்பை இறக்கிக் கிளாசிக்கில் திறந்து, 'பார்வை' பட்டியலில் வரைதல் படிகளைக் காட்டச் சொல்லி முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். வரைந்தவர் எந்த இடத்தில் வெட்டுப்புள்ளி போட்டார், எந்த இடத்தில் கண்ணளவில் ஒரு நீலப் புள்ளியை வைத்துச் சமாளித்தார் என்பது நாலைந்து படிகளுக்குள் தெரிந்துவிடும்.