பாலாற்றில் தண்ணீர் இல்லை, வீட்டில் படகு மோட்டார் இருக்கிறது

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை. 1981இல் ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பக் கொண்டுவந்து வைத்ததும் அதில் ஒன்று கழிந்துவிட்டது. ஆறு மட்டும் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் அப்படியேதான் கிடக்கிறது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பழைய படகு மோட்டாருக்கு உயிர் கொடுப்பதும், அதற்குப் புரொப்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் காத்தாடி, வார்ப்பதும் என் பொழுதுபோக்கு. காட்பாடியில் சின்ன லேத் பட்டறை வைத்திருப்பதால் இந்தக் கிறுக்குக்குக் கருவிச் செலவு குறைவு.

2017இல் சென்னை புதுப்பேட்டையில் வேறு எதையோ தேடிப் போனபோது, ஒரு கடையின் மூலையில் ஒரு படகு மோட்டாரைத் தலைகீழாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் சீகல், ஃபார்ட்டி பிளஸ் மாடல், 64 சிசி டூ ஸ்ட்ரோக். இங்கிலாந்தின் பூல் நகரத்தில் செய்தது. மூடி கிடையாது, செல்ஃப் கிடையாது. ஃப்ளைவீலில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். பஸ்ஸின் பின்சீட்டில் மடியில் கிடத்திக் கொண்டுவந்தேன். தெருமுனையில் பெட்டிக்கடைப் பெரியவர் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, ஆத்துல தண்ணியே இல்ல, இன்னாத்துக்கு இத்த தூக்கிக்கினு வர்ற?" என்றார். எட்டு வருஷம் ஆகிறது, அவருக்கு இன்னும் சரியான பதில் என்னிடம் இல்லை.

இன்ஜின் வேலை நினைத்ததைவிடச் சுலபம். பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது. பிளக் துளை வழியே டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் விட்டேன். பத்தாம் நாள் ஃப்ளைவீல் நூலளவு அசைந்தது, பிறகு தானாக வழிக்கு வந்தது. நட்டுகளுக்குத்தான் அலைச்சல். எல்லாம் விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் அளவு, நம் மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் பிடிக்காது. பழைய புல்லட் பார்க்கிற மெக்கானிக் ஒருவரிடம் அந்தக் காலத்து செட் இருந்தது, அதை வாங்கித்தான் கழற்றினேன். பிளக்குக்குத் தீப்பொறி தருகிற பாயின்ட்டின் இடைவெளி 20 தௌ (இன்ச்சை ஆயிரமாகப் பிரித்தால் 20 பங்கு), அதாவது அரை மில்லிமீட்டர். கண்டென்சர் செத்திருந்தது; பழைய ஸ்கூட்டருடைய கண்டென்சரை வெளியே கட்டிவிட்டேன், இன்றுவரை அதுவேதான். கிராங்க் சுற்றுவது பால் பேரிங்கில் இல்லை, வெறும் புஷ்ஷில், அதாவது உலோகக் குழல் துண்டுக்குள். அதனால் 10 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். புகை பலமாக வரும். அதைப் பார்த்துப் பயந்து ஆயிலைக் குறைத்தால் புஷ் போய்விடும்.

இன்னொரு விஷயம், இதற்குக் கிளட்ச் கிடையாது. ஸ்டார்ட் ஆன நொடியே புரொப்பெல்லர் சுற்றும். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி முதல்முறை ஓட்டியபோது அரை டிரம் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்தது. நடு மே மாதம். அந்த வீட்டு அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அதில் நியாயமும் இருந்தது.

இனி புரொப்பெல்லர். வாங்கும்போதே இரண்டு பிளேடு பாதியோடு உடைந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு மோட்டார் விலையைத் தாண்டும். சரி, நாமே வார்ப்போம் என்று இறங்கினேன். இந்த மோட்டாரில் புரொப்பெல்லரின் நடுத்துளை வெறும் வட்டத்துளைதான், ஷாஃப்டில் சும்மா நிற்கும். அதை இழுத்துச் சுற்றுவது கனமான ஒரு சுருள் ஸ்பிரிங். துளைக்குள் ஸ்ப்ளைன் என்கிற பற்கள் வெட்ட வேண்டாம், ரப்பர் புஷ் வேண்டாம். பழவேற்காட்டுப் பக்கம் மீனவர்கள் வைத்திருக்கும் ஜப்பான் மோட்டார்களுக்கும் செய்து தரச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். அவை வேகமாகச் சுற்றுகிறவை, கடலில் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறவை. என் கொல்லையில் வார்த்த சாமானை நம்பி யாரும் கடலுக்குப் போகக் கூடாது.

உடைந்த பிளேடுகளைக் கார் டிங்கரிங் பட்டி வைத்து வளர்த்து, நல்ல பிளேடைப் பார்த்து இழைத்து, அதையே மணலில் அச்சுப் பதிக்கிற பேட்டர்ன் ஆக்கினேன். அலுமினியம் உறைந்து ஆறும்போது சுமார் 1.3 சதவீதம் சுருங்கும். 200 மில்லிமீட்டர் பேட்டர்ன் வைத்தால் கிடைப்பது இரண்டரை மில்லி குறைவாக இருக்கும். அதனால் விளிம்பு முழுக்க பட்டி ஏற்றிக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்குத் திருகாணி போல எவ்வளவு தூரம் முன்னேறும் என்று, பார்க்க ஒரு எளிய வழி: புரொப்பெல்லரைச் சமதளத்தில் படுக்க வைத்து, மையத்திலிருந்து ஒரே தூரத்தில் பிளேடின் முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டின் உயரத்தையும் அளக்க வேண்டும். வித்தியாசம் 18 மில்லி, இரண்டு விளிம்புக்கும் நடுவே கோணம் 40 டிகிரி என்றால், 18ஐ 360ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் 162 மில்லி. எல்லா பிளேடுக்கும் இது ஏறக்குறைய ஒன்றாக வந்தால் போதும்.

மணல், 1998இல் வீடு கட்டியபோது மிஞ்சிய பாலாற்று மணல். இன்றைக்கு ஆற்றில் போய் ஒரு கூடை அள்ளினால் கேஸ் ஆகிவிடும். மாவு சல்லடையில் இரண்டு தடவை சலித்து, எர்த்திங் போடுவதற்கு எலக்ட்ரிக்கல் கடையில் விற்கிற பென்டோனைட் பத்தில் ஒரு பங்கு சேர்த்து, தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். கையில் பிடித்து அமுக்கி இரண்டாக உடைத்தால் உதிராமல் பிஸ்கட் மாதிரி உடைய வேண்டும். தண்ணீர் அதிகமானால் வார்ப்பில் ஓட்டை விழும்.

கஷ்டம் எங்கே என்றால், புரொப்பெல்லர் தட்டையான பொருள் இல்லை. மணலை இடித்து நிரப்பும் பாக்ஸின் மேல்பாதியும் கீழ்பாதியும் சந்திக்கும் கோடு நேராக ஓடாது, ஒவ்வொரு பிளேடின் விளிம்போடும் ஏறி இறங்கும். முதல் பாதியை இடித்ததும் பழைய கரண்டியால் மணலை விளிம்பு வரைக்கும் சரிவாகச் செதுக்கி எடுத்துவிட்டு, அந்தச் சரிவின் மேல் ஒட்டாத பவுடர் தூவி, அப்புறம்தான் மேல்பாதியை இடிக்க வேண்டும். அந்தப் பவுடர் வீட்டு முகப்பவுடர்தான். டப்பா ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று வீட்டில் கேள்வி வந்தபிறகு எனக்கென்று தனியாக ஒன்று வாங்கிவிட்டேன். பேட்டர்னை மேலே தூக்கக் கூடாது, திருகாணியைக் கழற்றுவது போல மெதுவாகச் சுற்றிக்கொண்டே எடுக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது பிளேடுகளுக்கு நடுவே இடைவெளி தெரிகிற புரொப்பெல்லருக்குத்தான் இது நடக்கும்.

அடுப்பு, ஃபயர் பிரிக் அடுக்கி உள்ளே மண் பூசியது. சீமைக்கருவேலங் கரி, சின்ன புளோயர். 700 டிகிரியைத் தாண்டியதும் ஊற்றுகிறேன். அலுமினியம் இரும்பு மாதிரி பகலில் சிவந்து காட்டாது, ஆகையால் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் இல்லாமல் கண்ணை நம்பக் கூடாது. உலோகம் உருக்கும் மூசையில் போடும் துண்டு ஒவ்வொன்றும் அடுப்போரம் வைத்துச் சூடாக்கியதாக இருக்க வேண்டும், ஒரு சொட்டு ஈரம் போதும் உலோகம் மேலே தெறிக்க. சிமென்ட் தரையில் வைத்து ஊற்றவும் கூடாது. சிந்தினால் சிமென்ட்டில் இருக்கிற ஈரம் வெடிக்கும். நான் ஒரு சாண் மணல் பரப்பி அதன் மேல் நின்றுதான் ஊற்றுகிறேன், முழங்கால் வரை தோல் மறைப்புக் கட்டிக்கொண்டு. ஆம்பூர் பக்கம் இருக்கிறோம், தோலுக்குப் பஞ்சமில்லை.

முதல் புரொப்பெல்லருக்குப் போட்டது ஜன்னல் சேனல் துண்டுகள். பளபளவென்று நல்ல அலுமினியம்தானே என்று நினைத்தேன். உடைத்துப் பார்த்தால் பிளேடு நடுக்குடத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு. அந்த உலோகம் அச்சில் பிதுக்கி எடுக்கத் தோதானது, மணலில் ஊற்றத் தோதானதில்லை. மெல்லிய பிளேடு முதலில் உறைந்து இழுக்கும், தடித்த நடுப்பகுதி இன்னும் கூழாக இருக்கும், நடுவில் கிழிந்துவிடும். அடுத்தது பைக் பிஸ்டன்கள். சிலிக்கான் 12 சதவீதம் அளவுக்கு இருப்பதால் தண்ணீர் மாதிரி ஓடி, பிளேடு முனை வரை நிரம்பியது. நடுக்குடத்தின் மேல், சுருங்கும்போது உலோகம் இறங்கி நிரப்ப, பெரிய ரைசர் வைத்தேன், உள்ளே பள்ளம் இல்லை. கடைந்து, ஷாஃப்டில் மாட்டி இரண்டு கத்தி விளிம்பின்மேல் உருட்டி பேலன்ஸ் பார்த்தபோது, இனி கவலையில்லை என்றுகூடச் சொல்லிக்கொண்டேன்.

ஓட்டிப் பார்த்தது காவேரிப்பாக்கம் போகிற வழியில் ஒரு ஏரியில். அங்கே மீன் குத்தகை எடுத்திருக்கிற அண்ணனிடம் பன்னிரண்டு அடி ஃபைபர் படகு உண்டு. மழைக்குப் பிறகு ஏரி நிறைந்திருந்தது, வேகமாக நடக்கிறவனைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் போனது. கரையில் மாடு மேய்த்தவர்கள் புகையைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாவது சுற்றில் தண்ணீருக்குள் மறைந்திருந்த சீமைக்கருவேலங் கட்டையில் அடித்தது. ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொண்டது, கியர் தப்பித்தது. ஆனால் பிளேடு முனை சில்லாகப் பெயர்ந்து போனது. பிஸ்டன் உலோகம் வளையாது, உடையும். அன்று துடுப்புப் போட்டுத்தான் திரும்பினோம்.

மூன்றாவதற்குக் காரின் அலாய் வீல். சிலிக்கான் 7 சதவீதம் அளவில், கொஞ்சம் மெக்னீசியம் கலந்தது. பிஸ்டன் அளவுக்கு ஓடாது, அதனால் மணலில் உலோகம் ஓடுகிற வாய்க்காலை, அதாவது ரன்னரை, அகலமாக வெட்டி, இன்னும் கொஞ்சம் சூடாக ஊற்ற வேண்டியிருந்தது. ஹீட் ட்ரீட்மென்ட் செய்ய வீட்டில் வசதியில்லை, மிருதுவாகவே இருக்கட்டும் என்று விட்டேன். 2021 மழையில் மாட்டியது. அந்த நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. இப்போதாவது ஆற்றில் விடலாமே என்று கேட்டவர்களும் உண்டு. அந்த வெள்ளத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவன் யாரும் அப்படிக் கேட்க மாட்டான்.

நான்கு மழைக்காலம் ஏரியில் ஓடியிருக்கிறது. கட்டையில் இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் பிளேடு வளைந்ததோடு சரி, மரச் சுத்தியலால் தட்டி, கோணம் அளந்து நேராக்கிவிட்டேன். விளிம்பு மணலில் தேய்ந்து கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. வாங்கும்போதே கியர்பாக்ஸ் புஷ் பல கை மாறி உப்பில் தேய்ந்திருந்தது, அங்கே மட்டும் 140 நம்பர் கியர் ஆயில் இன்னும் கசிகிறது. மழைக்காலம் முடிந்து கழற்றினால் உள்ளே பாதி தண்ணீர். வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றித் துணி சுற்றித் தொங்கவிடுகிறேன். புது புஷ் கடைய வேண்டும், மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் குத்தகை அண்ணன் ஃபோன் செய்தார். "தம்பி, இன்னொரு காத்தாடி ஊத்தி வச்சுக்க, இந்த வருஷம் ஏரியில கட்டை நெறைய கீது." அலாய் வீலில் பாதி இன்னும் லேத்துக்கு அடியில் கிடக்கிறது. ஐப்பசி பிறப்பதற்குள் ஊற்றிவிட வேண்டும், மழை பிடித்துக்கொண்டால் மணல் காயாது.