ஸ்டிக்கரில் இன்டெல், உள்ளே ரியல்டெக்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் நெட்வொர்க் கார்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 3,400 ரூபாய் போனது, கூடவே ஒரு வாரத் தூக்கமும்.

எங்கள் ஆபீஸில் பதினைந்து பேர். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஐபிஃபயர் என்ற லினக்ஸ் மென்பொருளைப் போட்டு, ஆபீஸ் நெட்டுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலாக ஓட்டுகிறேன். அதற்காக இரண்டு போர்ட் உள்ள இன்டெல் ஐ350 கார்டு கேட்டேன். அதை இயக்கும் மென்பொருளான ஐஜிபி டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலிலேயே இருக்கிறது, தனியாகத் தேடி அலைய வேண்டாம். கடைக்காரர், "லினக்ஸ் சப்போர்ட் பக்கா சார்" என்று ஒரு சிடியையும் சேர்த்துக் கொடுத்தார். கார்டில் இன்டெல் ஸ்டிக்கர். சிப் மேல் ஹீட்சிங்க் ஒட்டியிருந்ததால் அடியில் என்ன என்று தெரியவில்லை. தனி டிரைவரே தேவைப்படாத கார்டுக்கு சிடி எதற்கு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மாட்டியதும் வேலை செய்தது. அதுதான் வினை. காலையில் எல்லாம் நன்றாக ஓடும். பதினொரு மணிக்கு எல்லோரும் பெரிய ஃபைல்களை அனுப்பத் தொடங்கியதும் நெட் நின்றுபோகும், சில நொடியில் தானாக வரும். இன்டர்நெட் கம்பெனிக்காரரை இரண்டு முறை போனில் திட்டினேன், பாவம். கேபிள் மாற்றினேன், ஸ்விட்ச் மாற்றினேன். நான்காம் நாள்தான் கர்னல் எழுதிவைக்கும் பதிவான லாகைத் திறந்தேன். வாட்ச்டாக் டைம்அவுட், அதாவது கார்டு அனுப்ப முடியாமல் நின்றுவிட்டது என்று வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வரிகள், பக்கத்தில் ஆர்8169 என்று டிரைவர் பெயர். அது ரியல்டெக் என்ற வேறு கம்பெனி சிப்பின் டிரைவர் ஆயிற்றே!

மாட்டியிருக்கும் கார்டுகளின் அடையாள எண்ணைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என் சேர்த்து ஓட்டினேன். ஐ350 என்றால் 8086:1521 என்று வரவேண்டும். 8086 இன்டெல்லின் எண். எனக்கு வந்தது 10இசி:8168, ரியல்டெக்கின் எண். இன்னொன்றும் கண்ணில் பட்டது: அசல் கார்டில் ஒரே சிப்தான், இரண்டு போர்ட்டும் ஒரே முகவரியில் .0, .1 என்று வரும். இதில் இரண்டும் தனித்தனி பஸ் எண்ணில், அதாவது வேறு வேறு முகவரியில், நடுவில் இரண்டையும் இணைக்க ஒரு பிரிட்ஜ் சிப். வீட்டில் சிடியைப் போட்டுப் பார்த்தால் ஃபோல்டர் பெயரே ரியல்டெக்!

கடைக்குத் திரும்பப் போனேன். "கார்டு வேலை செய்யுதுல்ல சார், அப்புறம் எப்படி ரிட்டர்ன் எடுக்கறது?" என்றார். பில்லில் 'லேன் கார்டு 2 போர்ட்' என்று மட்டும் எழுதியிருந்தார். மாடல் பெயர் எழுதச் சொல்லி வாங்காதது என் தப்பு. கடைசியில் யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றை மாற்றித் தருகிறேன் என்றார். ஃபயர்வாலுக்கு யூஎஸ்பி! கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை லினக்ஸ் போட்ட பென்டிரைவையும் கையில் கொண்டுபோனேன். வேறொரு கடையில் சர்வரிலிருந்து கழற்றிய பழைய ஐ350. அவர்கள் டெஸ்ட் மெஷினிலேயே மாட்டி பூட் செய்து, 8086:1521 என்று இரண்டு வரி வந்த பிறகுதான் 1,800 ரூபாயை எடுத்து நீட்டினேன்.