சாக்கடை எதுக்களிக்காம இருக்க போட்ட வால்வு – ரிவ்யூ

கோயமுத்தூர்ல ரயில்வே ட்ராக் ஓரமா பள்ளத்துல வீடு இருக்குறவங்களுக்குத்தான் இதை எழுதறேனுங்க. பாதாள சாக்கடை லைன்ல போடுற 110 எம்எம் பிவிசி நான் ரிட்டர்ன் வால்வு, 4 இஞ்ச் பைப்புக்குன்னு கேட்டா கடையில குடுப்பாங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடியே போட்டுட்டோம், நெம்ப நல்லா வேலை செய்யுது, தாராளமா வாங்கலாம்.

ட்ராக் மேட்டு மேல போகுது, மழைத்தண்ணி அந்தப்பக்கம் போகணும்னா அடியில இருக்குற சின்ன பாலந்தான் வழி, அதுல மண்ணும் பாலிதீன் கவரும் அடைச்சுக்கிட்டா தண்ணி பூரா எங்க பக்கமே நிக்கும். ட்ராக்குக்கு அடியில ரோடு போற லங்கா கார்னர், கிக்கானி ஸ்கூல் பாலமெல்லாம் ஒரு மழைக்கே ரொம்பிக்கும்னு ஊருக்கே தெரியுமே. அந்தத் தண்ணி ரோட்டு மேன்ஹோல் வழியா சாக்கடை லைன்லயும் எறங்கிடுது, போதாக்கொறைக்கு மொட்டைமாடித் தண்ணியையும் அவங்கவங்க அதுலயே விட்டுடறாங்க, லைன் தாங்காம கடைசில பள்ளத்து வீட்டு பாத்ரூம்லதான் எதுக்களிக்குது. பாத்ரூம் தரையில தண்ணி போற நகானி ட்ராப் சல்லடை வழியா கருப்புத் தண்ணி கொப்புளிச்சுட்டு மேல வரும், மக்யா நாள் பூரா பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுனாலும் நாத்தம் போகாது, கைக்குழந்தை இருக்குற வீட்டுல அது என்ன கொடுமைன்னு பட்டவங்களுக்குத்தான் தெரியும்.

வால்வுக்குள்ள ஒரு தட்டு தொங்குது, அவ்வளவுதான். வீட்டுத் தண்ணி போறப்ப திறந்துக்கும், ரோட்டுப் பக்கமிருந்து தள்ளுனா ரப்பர்ல ஒட்டி அடைச்சுக்கும், கரண்டே வேண்டாம். மாட்டுறப்ப வால்வு மேல இருக்குற அம்புக்குறி ரோட்டைப் பார்த்து இருக்கணும், பிளம்பர் அண்ணன் அதை எங்களுக்கு காட்டிட்டுத்தான் பசை போட்டாரு. வால்வு விலையை விட சேம்பரை (வீட்டு சாக்கடை பைப்பெல்லாம் வந்து சேர்ற தொட்டி) ஒடைச்சுக் கட்டுற கூலிதான் ஜாஸ்தி ஆச்சுங்க.

ஆனா ஒண்ணு, அது மூடியிருக்குற நேரத்துல நம்ம வீட்டுத் தண்ணியும் வெளிய போகாது. அதனால மாடித் தண்ணி பைப்பு அந்த சேம்பர்ல விழுந்தா மொதல்ல அதைப் பிரிச்சு தனியா விட்டுடுங்க, இல்லைன்னா நம்ம மழைத்தண்ணியே நம்ம பாத்ரூம்ல ரொம்பிக்கும். எங்களுது வீட்டுக்குப் பின்னாடி பொடக்காலிப் பக்கம் திருப்பி விட்டாச்சு. கொட்டற மழையில துணி துவைக்கிறது, பக்கெட் பக்கெட்டா ஊத்தறதெல்லாம் நிறுத்திக்கணும்.

முடி, துணி நூலு சிக்குனா தட்டு சரியா மூடாது, மேல மூடி கழட்டுற மாதிரி இருக்குற மாடலாப் பார்த்து வாங்குங்க, அப்பத்தான் அப்பப்ப க்ளீன் பண்ண முடியும். கையுறை போட்டுட்டு மேல இருந்தே எடுத்துடலாம். ரோட்டு லைன் அடைச்சுட்டா மட்டும் காசு குடுத்து யாரையும் மேன்ஹோலுக்குள்ள எறக்கி விட்டுடாதீங்க, விஷவாயு ஒரு நிமிஷத்துல ஆளைக் கொன்னுடும், மனுசங்களை எறக்கி சாக்கடை அள்ள வைக்கிறதைத் தடை செஞ்ச 2013 சட்டப்படி அது குத்தமும்கூட. சாக்கடை க்ளீனிங் ஹெல்ப்லைன் 14420க்கு போன் பண்ணி மெஷின் வண்டி கேளுங்க.